படுக்கையறையையாவது காப்பாற்றுங்கள், மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன், அப்படியே இருக்கவும் வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதப் பார்த்தேன், பேனா நகர மறுக்கிறது. இந்தக் கடிதத்தை நான் மாடிப்படியின் நான்காவது படியில் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியை மேசையாக்கிக்கொண்டு எழுதுகிறேன். ‘ஸ்டைல்’ என்பது இன்னும் வந்து சேராத இடம் இந்த வீட்டில் இரண்டுதான். ஒன்று இந்தப் படி, மற்றது எங்கள் படுக்கையறை. திங்கட்கிழமை காலையில் படுக்கையறையும் போய்விடும். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, உங்கள் தங்கையை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியே ஆகவேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவையும் சுவரையும் எடுத்துவிட்டார்கள். இங்கே நான் தும்மினால் அங்கே குக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பவள், "மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். இந்த லட்சணத்தில் எங்கே போய் ரகசியம் பேசுவது?

நான் முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எது எப்படி எரியும் என்று தெரிந்தவன் வீட்டுக்குள் எதை விடுவான், எதை விடமாட்டான் என்பதும் உங்களுக்குப் புரியும். திரைச்சீலை தீயின் ஏணி, அதனால் எங்கள் வீட்டில் திரைச்சீலை கிடையாது. கம்பளம் கிடையாது. பஞ்சு வைத்த சோபா கிடையாது. இரும்பு நாற்காலி நான்கு, இரும்புக் கட்டில், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர், வாசல் பக்கம் கைக்கெட்டும் உயரத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்பான். நீங்கள்கூட ஒருமுறை வந்தபோது, "வீடு ரொம்ப நீட்டா இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் வேறெங்கோ வேலை இருப்பதாகக் கிளம்பிப் போனீர்கள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இதப் பாருங்களேன்" என்றாள். யாருடைய வீடோ. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். நான் செய்த குற்றம் அந்த இரண்டு வார்த்தைதான், மச்சான். படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவள் அந்த மாதிரி நானூற்றுப் பன்னிரண்டு படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண், கையில் அளக்கிற டேப், தோளில் துணி மாதிரிகள் அடைத்த பை. வீட்டு அலங்கார நிபுணராம். நடுஹாலில் நின்று ஒரு சுற்று சுற்றினாள். "ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு ஃபீல் வேணும் சார். இப்ப இந்த வீட்டுக்கு என்ன ஃபீல் இருக்கு, சொல்லுங்க?" என்றாள். "பாதுகாப்பா இருக்கும்மா" என்றேன். "எனக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஃபீல் வருது சார்" என்றாள். உங்கள் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஃபீல் மேடம் என்று பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

முதலில் ஹால். ஹாலுக்கு ‘அமைதி’ ஸ்டைல். சுவரில் மூன்று இடத்தில் மூன்று நிறம் பூசிக் காட்டினார்கள். ஒன்று ஈர மணலாம், ஒன்று பாதாம் தோலாம், மூன்றாவது பழைய கடிதமாம். உங்கள் தங்கை காலை வெயிலில் ஒரு தரம், மத்தியான வெளிச்சத்தில் ஒரு தரம், விளக்கைப் போட்டு ஒரு தரம் என்று மூன்று நாள் பார்த்தாள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று என்னைக் கேட்டாள். "மூணும் ஒண்ணுதானே" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சில்லை. பெயிண்டர் நல்ல மனுஷன், யார் எதைச் சொன்னாலும் "பண்ணிடலாம்" என்பார், அதைத் தாண்டி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணாத்தான் சார் தெரியுது. ஆனா டப்பா மூணு இருக்கு, அத வச்சு நம்பிக்கிறேன்" என்றார்.

இரும்பு நாற்காலி போய் சோபா வந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதற்குத்தான் ஆள் வேண்டும். நாலாவது மாடியிலிருந்து ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவன் மச்சான் நான். இப்போது, "கொஞ்சம் கை குடும்மா" என்று தினமும் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதன்மேல் பதினோரு குட்டித் தலையணைகள். உட்காருவதற்கு முன் எடுக்க வேண்டும், எழுந்த பிறகு அடுக்க வேண்டும், அடுக்கிய பிறகு ஒவ்வொன்றின் தலையிலும் நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் இரண்டு காது மாதிரி நிற்குமாம். நான் வெட்டினால் காது சாய்ந்துவிடுகிறது என்று புகார். மூலையில் ஆளுயரச் சாடி, அதில் ஒரு கட்டு காய்ந்த புல். காய்ந்த புல்லைக் கண்ட இடத்தில் அணைப்பதுதான் என் தொழிலாக இருந்தது, அதை ஹாலில் நட்டு வைத்து அழகு பார்க்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வந்தேன். ஆறாம் நாள் அது தலை தொங்கி, ஈரச் சாக்கு மாதிரி நாற ஆரம்பித்தது. "காஞ்ச புல்லுக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்று உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தால் பற்றாது என்றேன். ஃபீல் மேடம் என்னை நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

சமையலறைக்குத் ‘தொழிற்சாலை’ ஸ்டைல். சுவர் கறுப்பு, அலமாரிக்குக் கதவு இல்லை, குழாயெல்லாம் வெளியே தெரிகிறது. எரிந்து அணைந்த வீட்டுக்குள்தான் நான் அப்படி ஒரு சுவரைப் பார்த்திருக்கிறேன், முதல் நாள் உள்ளே நுழைந்தவன் என்னையறியாமல், "யாருக்கும் அடி இல்லையே?" என்று கேட்டுவிட்டேன். எல்லாப் பொருளும் ஒரே மாதிரி கண்ணாடிச் சாடியில், பெயர்ச்சீட்டு ஒட்டினால் அழகு போய்விடுமாம். போன வாரம் டீயில் உப்பைப் போட்டுக் குடித்தேன். என் மேசை இருந்த சின்ன அறை இப்போது ‘வாசிப்பு மூலை’. கூரையிலிருந்து குருவிக்கூடு மாதிரி ஒரு நாற்காலி தொங்குகிறது. பேப்பரோடு உட்கார்ந்தால் அது மெல்லத் திரும்பி என்னைச் சுவர் பக்கம் நிறுத்திவிடுகிறது, தண்டனை வாங்கின பள்ளிப் பிள்ளை மாதிரி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் என் தீயணைப்பானைக் காணவில்லை. "சிவப்பு இங்க செட் ஆகல சார்" என்று ஃபீல் மேடம் அதை ஒரு பிரம்புக் கூடைக்குள் இறக்கி, மேலே பிளாஸ்டிக் செடியை வைத்து மூடியிருக்கிறாள். "அவசரத்துக்கு என்னம்மா செய்யறது?" என்றேன். "அவசரம் வராது சார், இது அமைதி ஃபீல்" என்றாள்.

நேற்று புதன்கிழமை. மத்தியானம் ஹாலைப் படம் எடுக்க ஃபீல் மேடம் வந்திருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வருகிறேன், ஜன்னல் முழுக்க மெல்லிசாகப் புதுத் திரைச்சீலை, காற்றில் உள்ளே பறக்கிறது, அதற்கு ஒரு முழம் தள்ளி மேசைமேல் மெழுகுவர்த்தி மூன்று நடுங்கி நடுங்கி எரிகிறது! அந்த மாதிரி ஒரு ஹாலுக்குள் நான் போன இரண்டு முறையும் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். "வெளியே போங்க! எல்லாரும் வெளியே!" என்று கத்தினேன். கூடையைத் தேடினேன், செடியைத் தூக்கி எறிந்தேன், தீயணைப்பானை எடுத்து, அதன் பூட்டுப் பின்னை இழுத்து, அடித்தேன். முழுசாக அடித்தேன் மச்சான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

அதிலிருந்து பறந்த வெள்ளைத் தூள் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சோபா தெரியவில்லை. பதினோரு தலையணையும் ஒரே பனிமலை. பெயிண்டர் புருவத்தோடு சேர்ந்து வெளுத்துப் போய், ஏணியின் நடுவில் அப்படியே நின்றார். ஃபீல் மேடம் இருமிக்கொண்டே மேசைக்கு வந்து, மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள். அடியில் ஒரு பொத்தான். அழுத்தினாள். அணைந்தது. இரண்டாவதை எடுத்தாள், அழுத்தினாள், அணைந்தது. "பேட்டரி சார்" என்றாள். மூன்றாவதை என் கையில் கொடுத்தாள். நானும் அழுத்தினேன்.

சமையலறையிலிருந்து வந்த உங்கள் தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவள் அந்தத் தூளின்மேலேயே சோபாவில் உட்கார்ந்தாள். ஃபீல் மேடத்தையும் பெயிண்டரையும், "நீங்க போய்ட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பினாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள். "சைரன் அடிச்சா நீங்க கிளம்பிடுவீங்க. போனா எப்ப வருவீங்கன்னு தெரியாது. வருவீங்களான்னும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம். நான் எங்க உட்கார்ந்திருந்தேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? அந்த இரும்பு நாற்காலியில. எதிர்ல வெள்ளச் சுவரு. ஒரு படம் இல்ல, ஒரு துணி இல்ல, கண்ணு போய் நிக்க ஒரு புள்ளி இல்ல. நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் நினைச்சேன். இனிமே இந்தச் சுவத்த நான் பாக்க மாட்டேன்."

துண்டோடு நின்றபடியே காலி சிலிண்டரைக் கீழே வைத்தேன். "ஒரு ஈரத்துணி எடுத்துட்டு வரேன்" என்றேன். "ஈரத்துணி போட்டா ஒட்டிக்கும், காஞ்ச துணிதான் போடணும், உங்களுக்கே தெரியுமே" என்றாள். வாஸ்தவம். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இருந்தாலும் மச்சான், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஹாலை எடுத்துக்கொள்ளட்டும், சமையலறையை எடுத்துக்கொள்ளட்டும், தொங்குகிற நாற்காலியில் நான் சுற்றிக்கொண்டே கிடக்கிறேன். ஒரு அறை, ஒரே ஒரு அறை பழையபடி இருக்கக் கூடாதா? படுக்கையறைக்கு என்ன ஸ்டைல் என்று கேட்டால் ‘காடு’ என்கிறார்கள். காட்டுத் தீயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவன் அதற்குள் தூங்குவானா? உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். வாருங்கள். வந்து பேசுங்கள்.

அக்காவை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் நீண்ட ஆயுளோடு, எழுந்திருக்க முடிகிற நாற்காலிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
படியில் குடியிருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை ஒட்டி அனுப்புவதற்குள் ஒன்றரை நாள் ஓடிவிட்டது. மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் கடிதத்தை முடித்த அன்றைக்கு மாலையே உங்கள் தங்கை போன் போட்டு, "பெட்ரூம் வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்று ஃபீல் மேடத்திடம் சொல்லிவிட்டாள். ஜெயித்துவிட்டேன். இன்று காலை அவள் திரைச்சீலைகளைச் சலவைக்குக் கொடுத்துவருகிறேன் என்று கிளம்பினாள். அரை மணி நேர வேலை. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், எதிரே நான் காப்பாற்றின சுவர். பார்க்க ஒன்றும் இல்லாத சுவரில் மனசு என்னவெல்லாம் வரைகிறது தெரியுமா மச்சான்? முதலில் ஒரு லாரியை வரைந்தது. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. அதற்கு மேல் எழுத மாட்டேன். இரண்டே கால் மணி நேரம் கழித்து வந்தாள், சலவைக் கடையில் மின்சாரம் இல்லையாம். ஃபீல் மேடத்துக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், சுவர்த்தாள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு சாயங்காலமே வரச் சொன்னேன். நான் தேர்ந்தெடுத்திருப்பது சுவர் முழுக்க அடர்ந்த காடு, நடுவில் ஏரி, நூறு நூற்றைம்பது பறவைகளாவது இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவே ஒரு பொழுது வேண்டும். உங்கள் தங்கை, "என்னங்க இது, ராத்திரி தூங்க வேணாமா? லேசா ஒரு கலர் போதும்" என்கிறாள். பெயிண்டர் இரண்டு பேரிடமும் "பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவள் மாதிரித் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் நிற்கிற கொக்குக்கு ஒரு கால்தான் வரைந்திருக்கிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொக்கு அப்படித்தான் நிற்கும் என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் அவசியம் வாருங்கள்.