பீடத்தில் ஏறிய குதிகால்

எங்கள் சாரி-தெபே வட்டாரத்தில் மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா என்று மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது. மக்களைப் போய்க் கேட்பது நீண்ட வேலை. அலுவலகம் ஆரோக்கியமாக இருந்தால் மக்களும் அப்படியே இருப்பார்கள் என்று வட்டாரத் தலைவர் தோலோத்பெக் முடிவு செய்தார். ஆகவே மறுநாள் முதல் ஊழியர்கள் பதினோரு பேரும் காலை ஏழு மணிக்குப் பின்மலை உச்சிவரை ஓட வேண்டும். ஓடாதவருக்கு ஜூலை லீவு கிடையாது.

லீவை மட்டும் நான் விட முடியாது. ஜூலையில்தான் மனைவி அய்சால்கின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போவாள். கூடாரம், குதிரைப்பால், பத்து நாள் தூக்கம். இந்த வருடமும் நான் வராவிட்டால் பனி விழும்வரை தன் தம்பி கூடாரத்திலேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

ஓடினேன். பத்தொன்பது வருடம் நாற்காலியில் இருந்த உடம்பு, மெல்லிய தோல் பூட்ஸ், அதன்மேல் ரப்பர் உறை, செங்குத்தான மேடு. மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கினேன்; குதிகாலுக்கு மேலே சுரீர் என்றது, அம்மாடி. அய்சால்கின் இரண்டு நாள் ஆட்டுவால் கொழுப்பைத் தேய்த்துவிட்டாள். தெரு நாய்கள் என் பின்னாலேயே வந்தன. வலி போகவில்லை.

டாக்டர் புருலாய் அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தார். “கெண்டைக்காலையும் குதிகாலையும் சேத்துக் கட்டியிருக்கற நாண் இது. இத்தனை வருஷம் உக்காந்தே இருந்துட்டு திடீர்னு மேட்டுல ஓடினா அது என்ன செய்யும், பாவம்? படி ஓரத்துல முன்பாதத்த வச்சு நில்லுங்க. குதிகால மெதுவா கீழ இறக்குங்க. பதினஞ்சு தடவை, மூணு சுத்து, காலையும் சாயங்காலமும். பன்னெண்டு வாரம். ஓட்டம் வேணாம், அதுக்காகப் படுத்தும் கிடக்காதீங்க.” பூட்ஸுக்குள் குதிகாலடியில் சின்ன மெத்தை ஒன்றும் வைக்கச் சொன்னார்.

வைத்தியம் சுலபம்தான். ஆனால் எங்கள் ஊரில் மாடி கிடையாது. வீட்டில் உயரமாக இருப்பது நிலைப்படி ஒன்றே. அதன்மேல் நிற்பது வீட்டுக்கு ஆகாது.

“வாசப்படிய மிதிச்சா குடும்பம் விளங்காது,” என்றாள் அய்சால்கின். “குதிகாலுக்கு என்ன, இன்னொண்ணு இருக்குல்ல.”

கடைசியில் சதுக்கத்துக்குப் போனேன். அங்கே பழைய தலைவர் ஒருவரின் சிலைப் பீடம், சுற்றிலும் நாலு படியோடு, காலியாக இருந்தது. அவரை எப்போதோ இறக்கிவிட்டார்கள். அடுத்து யார் என்பது பரிசீலனையில் இருந்தது. பீடத்தின் உச்சியில் ஏறி, விளிம்பில் நின்று, குதிகாலை இறக்கினேன். ஓட்டத்தை மேற்பார்வையிட காரில் வந்த தோலோத்பெக் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“விதி எட்டு. பீடத்து மேல நிக்கறது எதுவா இருந்தாலும் நினைவுச்சின்னம். மாகாண உத்தரவு இல்லாம அகற்றக் கூடாது.”

“அப்ப ஓட்டம்?”

“நினைவுச்சின்னம் ஓடுமாய்யா?”

நினைவுச்சின்னப் பதிவேட்டில், ஒரு பாலத்துக்கும் ஒரு கிணற்றுக்கும் நடுவில், என் பெயர் ஏறியது.

மே மாதத்துக்குள் மற்ற பத்துப் பேருக்கும் நாண் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வந்து பீடத்தின் படிகளில் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து ஏறி இறங்கினோம். அலுவலகம் முழுவதும் சதுக்கத்தில் இருந்ததால் ஊரே வேடிக்கை பார்த்தது. பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. சந்தையில் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே பேரம் பேசினார்கள். நொண்டினால் அரசாங்க வேலை என்று பெண் வீட்டார் நினைப்பார்களாம். கல்யாண வயதுப் பையன்கள் கால் நன்றாக இருந்தும் நொண்டினார்கள்.

ஜூலை பிறப்பதற்குள் என் குதிகால் குணமாகிவிட்டது. லீவு கேட்டுப் போனேன்.

“லீவு ஓடினவங்களுக்கு,” என்றார் தோலோத்பெக். “சிலைக்கு எதுக்கு லீவு?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் விடிந்ததும் பீடத்தில் ஒரு துடைப்பத்தை நட்டேன். என் கோட்டை அதற்கு மாட்டி, கம்பளித் தொப்பியை மேலே கவிழ்த்துவிட்டு மலையேறினேன். குதிகால் முணுமுணுக்கக்கூட இல்லை. அய்சால்கின் குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாம் நாள் கணக்கர் வந்தார். மறுநாள் இன்னும் நாலு பேர். நாலாம் நாள் மிச்ச ஐந்து பேர். எல்லோரும் துடைப்பத்தில் கோட்டை மாட்டிவிட்டு வந்தவர்கள். ஐந்தாம் நாள் தோலோத்பெக்கே குதிரையில் வந்து இறங்கினார், குதிகாலில் கொழுப்புக் கட்டோடு. எங்களை ஓடச் சொன்னவர் கார் வரைக்கும் ஓடியிருக்கிறார் போல.

“ஆபீஸ யாரு பாத்துக்கறா?” என்று கேட்டேன்.

“நீங்கல்லாம் நிக்கறீங்கன்னு நம்பித்தானய்யா என் கோட்டையும் துடைப்பத்துல மாட்டிட்டு வந்தேன்.”

பத்தாம் நாள் பயந்துகொண்டே இறங்கினோம். சதுக்கத்தில் பன்னிரண்டு துடைப்பங்களும் ஒழுங்காகப் பணியில் இருந்தன. நடுவில் மாகாணத்துக்கு முகவரியிட்ட மனு ஒன்று, ஊரே கையெழுத்திட்டது, கல் வைத்து அழுத்தப்பட்டிருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: “பத்து நாளாக எங்களை யாரும் ‘நாளைக்கு வா’ என்று திருப்பி அனுப்பவில்லை. தற்போதுள்ள ஊழியர்களையே தொடர்ந்து பணியில் வைத்திருக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.”

முதல் கையெழுத்து என் மாமனாருடையது. வேலி போட அனுமதி கேட்டு ஏழு மாதமாக என் மேசைக்கு வந்துபோகிறவர் அவர்.