இறைச்சிக் கடைச் சுவரில் நீதிபதி

தேர்தல் வேலை தெரிந்தவனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பக் கூடாது. அனுப்பினாலும் அவன் கையில் சுண்ணாம்பு வாளி கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் விஷயத்தில் இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், ஆஹென் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சிற்றூரில், உள்ளூர் நீதிமன்றத்தின் ஒரே நீதிபதியான பிரென்னர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கடுகு தாளிக்க அனுமதி கொடுத்த ஒரே வீடு அது. (மற்ற வீட்டுக்காரம்மாக்கள் கடுகு வெடித்த சத்தத்திலேயே வாசல் கதவைத் திறந்து காட்டிவிட்டார்கள்.)

நீதிபதி வேலை அவருக்கு நியமனத்தில் வந்தது. அதற்காக யாரிடமும் அவர் கை கூப்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் மனிதருக்கு ஊர்ப் பாடகர் சங்கத்தின் தலைவராக வேண்டும் என்று தீராத ஆசை. அதற்கு ஓட்டு வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் இறைச்சிக் கடைக்காரர் கிராஃப்ட் அவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். தோற்ற வாரம் முழுக்க வீட்டில் பியானோ சத்தமே இருக்காது.

அந்த வருஷத் தேர்தல் நெருங்கியபோது, பிரசாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். தகுதியைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்றார். பாவம், உலகம் தெரியாத மனிதர் என்று முடிவுகட்டினேன். நானோ கல்லூரி நாட்களில் எங்கள் ஊர்ச் சுவர்களை எழுதியே நிரப்பியவன். என் எழுத்தைப் பார்க்க பஸ்ஸே நின்று போகும். (அந்த இடத்தில் பஸ் ஸ்டாப் இருந்தது என்பது வேறு விஷயம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்துக்குள் இருந்தபோது, சுண்ணாம்பும் நீலமும் கரைத்துக்கொண்டு என் வகுப்புத் தோழன் செல்வத்துடன் கிளம்பினேன். தேவாலயத்துக்கு எதிரே, முச்சந்தியில், அப்படி ஒரு சுவர்.

செல்வத்துக்குச் சந்தேகம். "டேய், இங்கெல்லாம் சுவர்ல எழுதுவாங்களா? நான் பார்த்ததே இல்லையே."

"அதான் சுவரெல்லாம் காலியா கெடக்கு. எவனும் ரிசர்வ் பண்ணல. நாமதான் ஃபர்ஸ்ட்."

சுவர் யாருடையது என்று விசாரிக்கவில்லை. நம் ஊரில் யார் விசாரித்தார்கள்? வெள்ளையடித்து, 'உங்கள் ஓட்டு நீதிபதி பிரென்னருக்கே' என்று ஆள் உயரத்துக்கு ஜெர்மனில் எழுதினேன். சின்னம் இல்லாமல் என்ன தேர்தல்? பக்கத்தில் ஒரு தராசும் வரைந்தேன். பிரார்த்தனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வேட்பாளர் சார்பில் நான் கைகூப்பிக் கும்பிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெரிய உருவம், அது தன் கடைச் சுவர் என்றது. கிராஃப்ட். பின்னால் நின்ற நீதிபதியின் முகம், நான் எழுதிய நீலத்தைவிட நீலமாக இருந்தது. அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சங்கத்தில் ஓட்டே கிடையாது என்பதும், தேர்தலே ஒரு மதுக்கடையில் கைதூக்கி முடிகிற விஷயம் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

கிராஃப்ட் வழக்குப் போட்டார். தன் பெயர் சம்பந்தப்பட்ட வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்று பிரென்னர் ஒதுங்கிக்கொள்ள, பக்கத்து ஊர் நீதிபதி வந்தார். தன் நீதிமன்றத்திலேயே சாதாரணக் கோட்டோடு, பார்வையாளர் பெஞ்சில் பிரென்னர் உட்கார்ந்திருந்தார்.

சுவருக்கு என்ன சேதம் என்று கிராஃப்டைக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. தராசும் எனக்குப் பொருந்தும். ஆள்தான் தப்பு."

சுவரை மறுபடி வெள்ளையடித்து, 'தினமும் புதிய இறைச்சி' என்று எழுதிக்கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். எழுதினேன். (சுத்த சைவக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.)

அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று பயந்துகொண்டே நீதிபதியோடு வீட்டுக்கு நடந்தேன். தேர்தலிலிருந்து விலகிவிட்டதாகச் சொன்னார். அடுத்தவர் சுவரில் தன் பெயர் ஏறிய பிறகு ஓட்டுக் கேட்பது முறையில்லையாம். வாசலில் நின்று, "என்மேல் பிரியப்பட்டு இதுவரை யாரும் குற்றம் செய்ததில்லை" என்றார். கடுகு தாளிக்கவும் தடை விதிக்கவில்லை.

ஆனால் கடவுள் அந்த ஊரில் மழையை வைத்திருந்தார். நானோ சுண்ணாம்பை மிச்சம் பிடித்து மெல்லிசாக அடித்திருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் கிராஃப்டின் இறைச்சிக்கு அடியிலிருந்து நீலம் கசிந்து, 'நீதிபதி பிரென்னருக்கே' என்று தலை காட்டியது. கிராஃப்ட் திரும்பத் திரும்ப வெள்ளையடித்தார். மழை திரும்பத் திரும்பப் பிரசாரம் செய்தது.

அடுத்த தேர்தலில் பிரென்னர் ஜெயித்தார். முதலில் கை தூக்கியவர் கிராஃப்ட். தினமும் படித்துப் படித்துப் பழகிவிட்டது என்றாராம். அன்று பியானோ சத்தம் மாடிவரை கேட்டது.

பின்னால் கல்யாணமாகி மனைவியை அங்கே அழைத்துப் போனபோது, நீதிபதி முதல் வேலையாக அவளைக் கூட்டிப்போய் அந்தச் சுவரைத்தான் காட்டினார். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறேன். யாருக்காவது உதவி செய்கிறேன் என்று நான் செருப்பை மாட்டினால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: "தாராளமா போங்க. சுவர் யாருதுன்னு மட்டும் கேட்டுக்குங்க."