ஜப்பானோ, மன்னாரோ?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ரத்தம் கண்டால் மயங்கி விழும் ஆள். கோழி உரிக்கும் கடைப்பக்கம் போகமாட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட வரும் தாதி, என்னை முதலில் படுக்க வைத்துவிட்டுத்தான் மருந்தையே கையில் எடுப்பார். (வளர்ந்த ஆம்பிளை என்று நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி தினமும் சிரிக்கிறாள்.) அப்படிப்பட்ட எனக்கு ஒரு காலத்தில் பைத்தியமாகவே பிடித்திருந்தவை, ஜப்பானில் எடுக்கும் ரத்தக்களரிச் சிரிப்புப் படங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவனுக்குச் சுண்டுவிரல் வெட்டுப்படும். அந்த ஒரு விரலிலிருந்து ரத்தம் பீறிட்டுச் சுவர், கூரை, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி எல்லாவற்றையும் நனைக்கும். அறுந்த கை தன்பாட்டில் நடந்துபோய்க் கதவைத் தட்டும். தலை தரையில் உருண்டபடி, என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று பெண்சாதியோடு சண்டை பிடிக்கும். அந்தப் படங்களில் யாரும் ஒழுங்காகச் சாவதே இல்லை.

இந்தப் பித்து எனக்குத் தமிழ்நாட்டில் பிடித்தது. இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தவன் நான். ஒரு டிவிடி கடையில் வேலை செய்தேன். விற்காமல் கிடக்கும் டிவிடிகளை முதலாளி எனக்குத் தந்துவிடுவார். மத்தியானங்களில் ஓட்டுக்கூரையின் கீழ் வேர்த்துக் கிடந்தபடி பார்ப்பேன். பாதி விழிப்பு, பாதி உறக்கம். அந்த நாட்களில் முகாமுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் நல்ல செய்தி வராது. இரண்டு வீடு தள்ளி யாராவது குழறி அழுவது கேட்கும். நான் சத்தத்தைக் கூட்டிவைத்துப் படத்தைப் பார்ப்பேன். செத்தவர்கள் எழும்பி வந்து கோபித்துக்கொள்ளும் நாடு ஒன்று எங்கேயோ இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

யுத்தம் முடிந்து மன்னாரில் எங்கள் ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பியபோது, அம்மா தையல் மெசினின் தலையைத் தூக்கி வந்தார். நான் பதினேழு டிவிடி தூக்கி வந்தேன். அம்மாவின் மெசின் ஊருக்கே சட்டை தைத்தது. என் டிவிடிகள் என்ன செய்தன என்பதுதான் இந்தக் கதை.

உப்புக்குளத்தில் கந்தோர் வைத்திருந்த ஓர் உதவி நிறுவனத்தில் எனக்குக் களப்பணியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம். அம்மா உடனே மடுத் தேவாலயத்து மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். வேலை நிரந்தரமானால் நடந்தே வருவாராம்.

"நாங்கள் பிள்ளையார் கோயில் ஆக்களெல்லோ?" என்றேன்.

"பிள்ளையாருக்கு வயல், வரம்பு, மழை எண்டு ஆயிரம் சோலி. உத்தியோக விசயம் மாதாவோடதான் கதைக்கவேணும்" என்றார் அம்மா.

ஐந்தாவது மாதம், எங்கள் கிராமத்தில் கட்டிய பொதுநோக்கு மண்டபத்தைப் பார்க்க, அதற்கு உதவிய ஜப்பான்காரர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. மோரி என்று பெயர், வயதானவர். வரவேற்பு எப்படி என்று மாதர் சங்கம் கூடியது. தலைவி தங்கமணி அக்கா. கணவரையும் மூத்த மகனையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். தனி ஆளாக வயல் செய்துகொண்டிருந்தார். ஊர் திரும்பிய எங்களில் ஒருவரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

"யுத்தம் முடிஞ்சு நாங்கள் கம்பிவேலி முகாமுக்குள்ள இருக்கேக்க ஒரு பிள்ளை ஊர்ப் பாட்டொண்டை முணுமுணுத்தது" என்றார் அவர். "தண்ணிக்கு லைனில நிண்டதையும் மறந்து இருந்து கேட்டனாங்கள். ஊரைவிட்டு வந்த மனிசருக்குத் தன்ர ஊரைக் காட்டுறதுதான் மரியாதை. அவருக்கு ஒரு ஜப்பான் படம் போடுவம்."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. இடம்பெயராத ஒரு தலைகூட அங்கே இல்லை. மோரி ஐயா வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஐந்து நாள்தான் ஆகிறது, வருகிற வியாழக்கிழமை திரும்பிப் போய்விடுவார் என்பது எவர் மனதிலும் படவில்லை. அவரும் எங்களைப் போல ஊரை நினைத்து ஏங்கிக் கிடப்பார் என்றே எல்லோரும் நம்பினோம்.

"தம்பியிட்டை ஜப்பான் படம் கிடக்கெல்லோ?" என்று தங்கமணி அக்கா என் பக்கம் திரும்பினார்.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் எங்கள் இணைப்பாளர், நாங்கள் 'சேர்' என்று அழைப்பவர், என்னை முதல்முறையாக மதிப்போடு பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கிடக்கு" என்றேன்.

பதினேழில் ஒன்றுக்கு மட்டும் அமைதியான தொடக்கம். மலையடிவாரத்தில் ஒரு கிழவனும் கிழவியும் பனிப்புகாரில் நாற்று நடுவார்கள். மரத்தடியில் இருந்து சோற்றுருண்டை தின்பார்கள். ஒரு கொக்கு வரும், போகும். இப்படியே இருபத்து நான்கு நிமிடம் ஓடும். இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் கிழவியின் கையிலிருந்து அரிவாள் நழுவும். இருபத்து நான்கில் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"படம் அமைதியானதுதானே?" என்று சேர் கேட்டார்.

"மிச்சம் அமைதி சேர்" என்றேன். (இருபத்து நான்கு நிமிடத்துக்கு அது சத்தியம்.)

அந்த நாள் இன்றும் கனவு போலத்தான் வருகிறது. மண்டபத்து யன்னல்களை நீலத் தறப்பாளால் மூடியிருந்தோம். வெளியே உச்சி வெயில். உள்ளே எல்லோர் முகத்திலும் நீலம். குளத்துக்கு அடியில் இருப்பது போல இருந்தது. காற்றில் தறப்பாள் மெல்ல ஊதி ஊதி அடங்கியது. தூரத்தில் ஜெனரேற்றர் தாலாட்டுப் பாடியது. வெள்ளை வேட்டித் திரையில் புகார் நகர, கிழவி குனிந்து நட்டுக்கொண்டே போனாள்.

"நாத்தை நெருக்கி நடுறாள்" என்றது ஒரு குரல்.

"வரம்பு வடிவாக் கட்டியிருக்கினம்" என்றது இன்னொன்று.

கதிரையில் சாய்ந்திருந்த மோரி ஐயாவின் கண்கள் சுருங்கிக்கொண்டு போயின. ஊர் நினைவு என்று எண்ணி எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிரந்தர நியமனக் கடிதம் புகாருக்குள்ளிருந்து மிதந்து வருவதைக் கண்ணால் கண்டேன். அம்மா மடுவுக்கு நடப்பதையும் கண்டேன்.

அப்போதுதான் பின்கதவில் ஒரு தலை தெரிந்தது.

"தம்பி, ஜப்பான் ஆக்கள் தூள் போட்ட கறி தின்னுவினமோ? வந்து சொல்லுங்கோ."

பதினான்காவது நிமிடம். ஓடிப்போய் வரலாம் என்று சமையல் கொட்டிலுக்குப் போனேன். அங்கேதான் என் புத்தி மேயப் போனது. நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையோடு நின்ற பெண்கள் எல்லோரும் நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தார்கள். ஜப்பானியருக்கு உறைப்பு ஆகாது என்பதில் தொடங்கினேன். பிறகு அவர்கள் உண்ணும் முறை, குளிக்கும் முறை, அங்கே பனி விழும் முறை. ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் பனி விழும் சத்தத்தைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்னேன். என் கண்ணே கலங்கியது.

"பனிக்குச் சத்தம் இருக்கோ தம்பி?" என்று ஒருத்தி கேட்ட நேரம், மண்டபத்திலிருந்து ஒரு 'ஐயோ' கேட்டது.

ஓடினேன். திரையில் கிழவனின் தலை சேற்றில் கிடந்தது. தலையில்லாத உடம்பு குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து ரத்தம் தென்னை உயரத்துக்குப் பாய, கிழவி சலிப்போடு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தன் நடவைத் தொடர்ந்தாள். சேற்றில் கிடந்த தலை, தண்ணீர் கட்டச் சொல்லி அவளை ஏவியது.

சேர் திரைக்கு முன்னால் பாய்ந்து, கோப்பு மட்டையால் படத்தை மறைக்கப் பார்த்தார். பலன், அவ்வளவு ரத்தமும் அவருடைய வெள்ளைச் சேட்டில் ஓடியது. "நிப்பாட்டும்! நிப்பாட்டும்!" என்று கத்தினார். றிமோட் என் காற்சட்டைப் பையில் இருந்தது. என் கை பைக்குள் போக மறுத்தது. மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தமில்லை. இவ்வளவையும் பார்த்து வந்த சனத்துக்கு இதையா காட்டினேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அமைதியில் ஒரு சத்தம் வந்தது. கனகாலம் திறக்காத கதவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். தங்கமணி அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேர், தள்ளி நில்லுங்கோ, மறைக்குது" என்றார். "மெய்யான ரத்தம் உப்பிடிப் பாயாது. நான் கண்டனான். அது சத்தம் போடாமல் மண்ணுக்குள்ள போயிடும். உது சர்பத்து."

பிறகு முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கிழவி குடையை உதறி மடக்கியபோது மண்டபமே குலுங்கியது. தங்கமணி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் இருந்துவிட்டாள். பிறகு அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மோரி ஐயா? நான் ஒருவழியாகப் பாதியில் படத்தை நிறுத்த, எழுந்த கைதட்டல் கேட்டுக் கண் விழித்தார் மனிதர். கொக்கு வந்ததோடு உறங்கியவர். எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேச, சேர் செத்த குரலில் தமிழில் சொன்னார்: "தானும் நெல் விளையிற ஊர்தானாம். தன்ர தாயும் இப்பிடித்தான் நாத்து நடுவாவாம். இவ்வளவு அமைதியான படத்தைத் தான் பார்த்ததே இல்லையாம்."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. களப்பணிக்கு வேண்டிய நிதானம் என்னிடம் போதாது என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால் அவர் பையில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கயம்மா போறியள்?"

"மடுவுக்கு. நடக்கப் போறன்."

"வேலைதான் போட்டுதே!"

"வேலை போனால் போகட்டும். தங்கமணி சிரிச்சவளெல்லோ. அதுக்கு ஆராவது நடக்கத்தானே வேணும்."

தங்கமணி அக்காவும் எங்களோடு வந்தார். காட்டுப் பாதையில் வெயில் ஏற முன்னம் நடந்தோம். பாதி வழியில் அவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த மனிசன்ர தலை பிறகு பொருந்தினதோ?"

"ஓமக்கா. கடைசியில கிழவி எடுத்து வச்சுத் தைச்சு விடுவா. கொஞ்சம் சரிஞ்சு நிக்கும். வயலுக்குப் போவினம்."

"சரிஞ்சாலும் பரவாயில்லை" என்றார்.

அடுத்த போகத்தில் அரிவு வெட்டும்போது அவர் கையை அரிவாள் பதம் பார்த்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பதறி ஓடிவர, கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாயேல்லை. ஜப்பான் இல்லை, மன்னார்தான். துணி கொண்டு வாங்கோ" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் முதல் கேள்வி அதுதான். ஜப்பானோ, மன்னாரோ? ஜப்பான் என்றால் வெறும் ஆரவாரம், சிரித்துவிட்டுப் போகலாம். மன்னார் என்றால் மெய்யான காயம், ஓடவேண்டும்.

நான் இப்போது உப்புக்குளத்தில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை என் மகள் சைக்கிளால் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. நொண்டி நொண்டி உள்ளே போய், பாயை எடுத்து வந்து என் காலடியில் விரித்தாள்.

"அப்பா, முதல்ல நீங்கள் படுங்கோ" என்றாள். "இது மன்னார்."