தங்கனிக்கா மாஸ்டரின் ஒரு சாக்குக் கச்சான்

உலகத்திலேயே கச்சான் தின்னப் பயந்த ஒரே ஒழுங்கை யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்களுடைய ஒழுங்கைதான். நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம், சிறு தெருவை ஒழுங்கை என்போம். கோயில் திருவிழாவில் வாங்கிய கச்சான் சுருளைச் சட்டைக்குள் ஒளித்து, இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு தின்றவர்களில் நானும் ஒருவன். கோது உடைகிற சத்தம் கேட்டால் தங்கனிக்கா மாஸ்டர் வந்துவிடுவார்.

மாஸ்டர் கணக்கு வாத்தியார். இளவயதில் ஆபிரிக்காவுக்குப் போய், கொங்வா என்ற வறண்ட ஊரில் சில காலம் படிப்பித்தவர். அவர் போவதற்கு முன்பே தங்கனிக்கா என்ற அந்த நாட்டின் பெயர் தான்சானியா என்று மாறிவிட்டது. அதை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"தான்சானியா எண்டால் சன்சிபார்த் தீவும் சேந்து வந்திடும். நான் சன்சிபாரைக் கண்ணாலையும் காணேல்லை. காணாத இடத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பெடுக்கிறது?"

தெல்லிப்பழைக்கும் மயிலிட்டிக்கும் இடையில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து போர் அவரைக் கிளப்பி, எங்கள் ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து விட்டது. காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மனைவி இங்கே வந்தபின் காலமானார். ஒரே மகள் கனடாவில். மாஸ்டரிடம் மிஞ்சியிருந்தது தங்கனிக்கா மட்டும்தான். அதை அவர் கஞ்சத்தனமில்லாமல் எல்லோருக்கும் பங்கிட்டார்.

கதை இதுதான். முதலில் ஜேர்மன்காரன் பிடித்துவைத்திருந்த நாடு. முதலாம் உலகப் போரில் அவன் தோற்க, ஆங்கிலேயன் கைக்கு வந்தது. இரண்டாம் போர் முடிந்தபோது இங்கிலாந்தில் சமையலுக்கு எண்ணெய் இல்லை. தங்கனிக்காவில் கொங்வாப் பக்கத்துக் காட்டை வெட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் கச்சான் போட்டால் கஷ்டம் தீரும் என்று லண்டனில் யாருக்கோ தோன்றியது. போரில் மிஞ்சிய டாங்கிகளையே உழவு இயந்திரங்களாக மாற்றி இறக்கினார்கள். பாவோபாப் எனப்படும் பெருக்கு மரங்களை இடித்துச் சாய்த்தபோது, பொந்துக்குள் இருந்த தேனீக்கள் டிரைவர்மாரை ஆஸ்பத்திரிவரை துரத்தின. மழை நின்றதும் நிலம் சீமெந்தாக இறுகியது. கச்சான் மண்ணுக்குள் காய்ப்பது. இறுகிய மண்ணுக்குள் அது இறங்காது. இறங்கியதைக் கிண்டி எடுக்கவும் முடியாது. கடைசியில் விதைத்த அளவுகூடத் திரும்பி வரவில்லை என்பது மாஸ்டரின் முடிவுரை. அங்கேயே பிறந்து வளர்ந்த சனம் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மண்ணைப் பாத்தவனோ?" இந்த இடத்தில் மாஸ்டர் விரலை உயர்த்துவார். "பாக்கேல்லை. வரைபடத்தைப் பாத்தவன்."

இந்தக் கதையால் அதிகம் அடிபட்டவர் கச்சான் அக்கா. கோயில் மதிலோரம் தாச்சியில் மணல் போட்டுக் கச்சான் வறுத்து விற்பவர். வாங்க வந்தவர்களை மறித்து, தாச்சிக்கு முன்னாலேயே மாஸ்டர் வகுப்பெடுப்பார்.

"மாஸ்டர், உங்கடை இங்கிலிஷ்காரன் என்ரை யாவாரத்தைக் கெடுக்கிறான்."

"பிள்ளை, அவன் ஒரு நாட்டையே கெடுத்தவன். உன்ரை தாச்சி என்ன பெரிசோ?"

"இந்தாங்கோ, இதைக் கொண்டுபோய் அங்காலை நிண்டு தின்னுங்கோ." அக்கா ஒரு சுருளை அவர் கையில் திணிப்பார். மாஸ்டர் தின்பார். அங்காலை போகமாட்டார்.

நான் பத்திரிகையில் வேலை செய்கிறவன். எந்த அமைச்சர் எந்தத் திட்டத்தை அறிவித்தாலும், மறுநாள் காலையில் மாஸ்டர் என் வீட்டு வாசல் படலையில் நிற்பார். "தம்பி, திட்டம் நல்லாத்தான் இருக்கு. மண்ணைப் பாத்தவையோ?" ஒழுங்கையில் ஒரு கலியாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையின் தாயிடமும் இதையே கேட்டார். சீதனக் காணியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்த அந்த அம்மா, "நல்ல செம்மண் எண்டுதான் சொன்னவை" என்று கவலையோடு பதில் சொன்னார். கலியாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

இடைக்கிடை படகேறி நெடுந்தீவுக்குப் போய்வருவார். ஆபிரிக்காவிலிருந்து எப்போதோ வந்து வேரூன்றிய பெருக்கு மரம் ஒன்று அங்கே நிற்கிறது. ஒருமுறை நானும் கூடப் போனேன். பார்க்க வந்தவர்கள் மரப்பொந்துக்குள் புகுந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மரத்தில் உள்ளங்கையை வைத்துச் சுவாகிலியில் ஏதோ நலம் விசாரித்தார்.

"இதுவும் இடம்பெயந்து வந்ததுதான் தம்பி," என்றார். "ஒரு முறைப்பாடும் இல்லாமல் நிக்குது."

அன்று வீடு திரும்பும்வரை அவர் கச்சானைப் பற்றிப் பேசவில்லை.

அவருடைய பகுதி விடுவிக்கப்பட்ட செய்தியை எழுதியவன் நான். காணியைப் பார்க்கக் கூட்டிப்போனவனும் நான். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கிணறு இருந்தது. மீதி, கனரக வாகனங்கள் காலகாலமாக ஏறி இறங்கிய தரை. மாஸ்டர் குந்தியிருந்து ஒரு கல்லால் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

"கொங்வா," என்றார்.

அன்று மாலை மகள் அழைத்தாள். "அப்பா, வீடும் இல்லை, ஆக்களும் இல்லை. இனி அங்கை என்னத்துக்கு? காணியை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ."

மாஸ்டர் ஒரு போகம் தவணை கேட்டார். "ஒரு சாக்குக் கச்சான் விதைக்கிறன். அதே சாக்கு நிரம்பத் திருப்பி எடுத்தால் இருக்கிறன். குறைஞ்சால் நானும் இங்கிலிஷ்காரன்தான். வாறன்."

மகள் ஒத்துக்கொண்டாள். ஒழுங்கை முழுக்க அதைக் கேட்டது. மாஸ்டர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

முதலில் இலைகுழையை மண்ணுக்குள் தாட்டு, எருப் போட்டு, மண்ணை இளகவிட வேண்டும். அதன் பிறகே விதைக்கலாம். அது அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் தவணை ஒரு போகம். இருந்ததில் பெரிய உழவு இயந்திரத்தைப் பிடித்து உழுவித்தார். அது மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டது.

"மண்ணைப் பாத்தனீங்களோ மாஸ்டர்?" என்று கேட்டேன். வாழ்நாளில் ஒருமுறையாவது அதை அவரிடம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது சந்தோஷமாக இருக்கவில்லை.

"பாத்தனான் தம்பி. அவங்களுக்கு லண்டனிலை அவசரம். எனக்குக் கனடாவிலை."

செடி பச்சைப் பசேலென்று வந்து எங்களை ஏமாற்றியது. பிடுங்குகிற அன்று ஒழுங்கையே வேன் பிடித்துப் போனது. இழுத்தால் பாதிச் செடி கையோடு அறுந்தது. காயோடு வந்தவற்றில் பாதி, உள்ளே பருப்பில்லாத பொக்கு. வெயில் சாய்ந்தபோது சாக்கு அரைவாசியும் நிரம்பவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் கழுவினார்.

அந்த நேரத்தில் கச்சான் அக்கா வேனிலிருந்து இரண்டு பைகளை இறக்கி, ஈரச் செம்மண்ணில் புரட்டிப் புரட்டிச் சாக்குக்குள் கொட்டினார். கண்டதை எழுதுவது என் தொழில். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் திரும்பி வந்தார். சாக்கு வாய்வரை நிரம்பியிருந்தது. அவர் ஒரு கச்சானை எடுத்தார், மண்ணைத் துடைத்தார், உடைத்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அக்கா கொண்டுவந்தது திருவிழாவில் விற்று மிஞ்சிய கச்சான். வறுத்தது.

விடை சரியாக இருந்தாலும் வழி பிழையென்றால் ஒரு புள்ளியும் போடாத மனிதர் அவர். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"இந்த மண்ணிலை சூடு கூட, பிள்ளை," என்றார் மாஸ்டர், அக்காவைப் பார்க்காமல். "நிலத்துக்குள்ளையே வறுபட்டு வந்திருக்கு. தங்கனிக்காவிலையும் இப்பிடி நடக்கேல்லை."

"கடல் கிட்டத்தானே மாஸ்டர்," என்றார் அக்கா, கைகளைச் சேலையில் துடைத்தபடி. "உப்பும் கிடக்கும்."

மாஸ்டர் அங்கேயே நின்று மகளுக்கு வீடியோ அழைப்பெடுத்தார். ஸ்பீக்கரில்தான்.

"பிள்ளை, சாக்கு நிரம்பியிட்டுது."

"உண்மையாவோ அப்பா?"

மாஸ்டர் போனைத் திருப்பிச் சாக்கைக் காட்டினார். பிறகு சுற்றி நின்ற எங்களையும் ஒவ்வொருவராகக் காட்டினார். செம்மண் அப்பிய கச்சான் அக்காவில் போன் சற்று அதிக நேரம் நின்றது.

"சரி அப்பா," என்றாள் மகள். "அங்கை ஒரு அறையாவது கட்டுங்கோ."

அறை கட்டியாயிற்று. மாஸ்டர் இப்போது அங்கேதான் இருக்கிறார். குழை தாட்டிருக்கிறார், எருப் போட்டிருக்கிறார். இன்னும் கச்சான் விதைக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் இனி யாரும் பயமில்லாமல் கச்சான் தின்னலாம். ஆனாலும் முதல் கோதை உடைத்ததும், எல்லோரும் ஒருதரம் படலைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம்.