பன்னிரண்டாவது அட்டை

இனிமேல் என் மனைவியின் பள்ளிக்கூடச் சுவரில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. அவள் வீட்டில் இருந்தாள்.

அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் அவள் சொன்னால் உட்கார்வார்கள், சொன்னால் எழுந்திருப்பார்கள். என்னையும் சேர்த்தால் இருபத்தொன்று. நான் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். போட்ட சட்டத்தை வீட்டுக்கே போய் மாட்டியும் கொடுப்பேன். அதனால் உலகத்தில் எந்தச் சுவரில் எதை மாட்டுவதென்றாலும் அது என் பொறுப்பு என்பது அவள் எண்ணம்.

கடைக்கு வார விடுமுறை புதன்கிழமை. எதிர்வீட்டு பஸ் டிரைவருக்கும் அன்றுதான் ஓய்வு. புதன்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் சதுரங்கம் ஆடுவோம். நான் தோற்பேன். மூன்று வருடமாக வாரம் தவறாமல் தோற்கிறேன். ஆனால் போன மாதம் அவருடைய ராணியை வெட்டினேன். அப்புறமும் தோற்றேன் என்பது வேறு விஷயம். வெற்றி எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டது, இன்னும் இரண்டு புதன்கிழமை போதும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்தப் புதன்கிழமை பள்ளிக்கூடத்துல ஒரு சின்ன வேலை."

போன தடவை சின்ன வேலை என்றது நாற்பத்தெட்டு காகிதப் பட்டாம்பூச்சி. வெட்டி முடித்தபோது என் கட்டை விரல் மடங்க மறுத்தது. ஒரு வாரம் எல்லோரிடமும் "சூப்பர்" என்று சொல்வது போலவே நடமாடினேன்.

"என்ன வேலை?"

"பன்னெண்டு அட்டை மாட்டணும். எங்க வகுப்புல பன்னெண்டு வீட்டு மொழி இருக்கு. பிள்ளைங்க வீட்டுக்குள்ள நுழையும்போது அவங்க அம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவாங்களோ, அதை அவங்கவங்க மொழியில எழுதி வாங்கியிருக்கேன்."

"எதுக்கு இவ்வளவு சிரமம்? அச்சடிச்சதே கடையில பளபளன்னு கிடைக்குமே."

"அச்சுல இருக்கறது வெறும் எழுத்து. இது அவங்க அம்மா கை."

நான் கட்டை விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு வாரமாச்சு. வாயே திறக்கல. அவ மொழி எங்கள்ல யாருக்கும் தெரியாது. சாப்பிடறா, தூங்கறா, மத்த நேரம் ஜன்னல்கிட்ட நிக்கறா. இந்தச் சுவரே அவளுக்காகத்தான்னு வச்சுக்கங்க."

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ராணி விழுந்த பிறகு யாராவது ஆட்டத்தை விடுவார்களா?

"பாக்கலாம்," என்றேன். நான் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அதுவே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை டிரைவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். சபதத்தைச் சொன்னேன்.

"முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே," என்றார். "முடியாதுன்னு சொன்னா சண்டை. போங்க, போய் வேலையைக் கெடுத்து வைங்க."

"கெடுக்கறதா?"

"எங்க வீட்டுல ஒரு தடவை துணி துவைச்சேன். வெள்ளைச் சட்டை எல்லாம் ஊதாவாயிடுச்சு. அதுக்கப்புறம் என்னை சோப்புக்குப் பக்கத்துல விட்டதே இல்ல. ஒரு புதன்கிழமை போனா, மிச்சப் புதன்கிழமை எல்லாம் நம்மளது."

மனிதர் பஸ் ஓட்ட வேண்டியவரே இல்லை. நாட்டையே ஓட்டலாம். உள்ளே போய், "நான் வர்றேம்மா, பன்னெண்டு அட்டைதானே," என்றேன். அவள், "ரொம்ப நல்லது," என்றாள்.

புதன்கிழமை பிள்ளைகளுக்கு அரைநாள். மத்தியானம் வகுப்பறையில் நான் மட்டும். குட்டி நாற்காலிகள், குட்டி மேசைகள், கொக்கியில் குட்டிப் பைகள். ஒரு பெரிய ஆளாக அங்கே நிற்பதே தப்பு செய்வது போல இருந்தது. மேசைமேல் அட்டைகளும் ஒரு சீட்டும். "கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டு அடி. பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பின்னால் பென்சிலில் அம்புக்குறி இருக்கிறது. அது மேலே பார்க்க வேண்டும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்த நான் கூடத்தைக் கோணலாக்கக் கிளம்பியிருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நேர் பார்க்கும் ரசமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பழக்க தோஷம், கை தானாக நேராகவே மாட்டியது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். நேராக இருந்தது. கடைசியில் இடது கையால் மாட்டினேன். அப்போதுதான் கொஞ்சம் திருப்தியாகக் கோணியது. உயரத்தையும் விடவில்லை. ஏணி போட்டு ஒன்பது அடியில் மாட்டினேன். ஒட்டகச்சிவிங்கி படிக்க வந்தால் வசதியாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யவில்லை. எதையும் தலைகீழாக மாட்டவில்லை. தமிழ் அட்டை தவிர மற்ற பதினொன்றில் எது தலை, எது கால் என்று எனக்குத் தெரியாது. ஒன்றில் எழுத்தெல்லாம் கொடியில் துணி காய்வது போலத் தொங்கியது, இன்னொன்று முழுக்க வளையமாக இருந்தது. ஆனாலும் ஒரு தாய் உட்கார்ந்து எழுதியதைக் கவிழ்க்க மனசு வரவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் அம்புக்குறியைத் தேடிப் பார்த்தே மாட்டினேன். என் மனசாட்சி கோணல் வரைக்கும்தான் வரும். பன்னிரண்டாவது அட்டைக்கு மேலே இடமில்லை. அதை மட்டும் ஜன்னலுக்குக் கீழே மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்கு ஃபோன்.

"உடனே இங்க வாங்க."

"ஏம்மா, ஏதாவது சரியில்லையா?"

"வாங்க, சொல்றேன்."

வழியெல்லாம் வருத்தமான முகத்துக்கு ஒத்திகை பார்த்தேன். "எனக்கு இந்த வேலை வராதும்மா" என்று தழுதழுக்கச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் சிப்பாய்களை அடுக்க வேண்டும். கதவைத் திறந்தால், பதினோரு அட்டையும் இரண்டடி உயரத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. அதன் எதிரில் ஒரு சின்னப் பெண் நின்றாள். ஜன்னல்காரி.

"இதை மாட்டினது இந்த மாமாதான்," என்று என் மனைவி வகுப்புக்கு முன்னால் என்னைக் கைகாட்டினாள்.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டு அட்டையை மறுபடி பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொன்னாள்.

பேந்தப் பேந்த விழித்தேன். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினாள். நான் அட்டையைக் கழற்றிப் பக்கவாட்டில் திருப்பினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்தது ஒரு நீண்ட பிரசங்கம். ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் எனக்கு எல்லாம் புரிந்தது. திட்டு எந்த மொழியில் வந்தாலும் எனக்குப் புரியும். இருபது வருடப் பயிற்சி.

முழுசாகத் திருப்பி மாட்டினேன். அவள் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, மெதுவாக நகர்த்தி, அவள் அம்மா வாசலில் சொல்வதைச் சொன்னாள். பக்கத்திலிருந்த பையன் அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு வகுப்பே சொன்னது. அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். என் மனைவி அலமாரிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது.

"அம்புக்குறி போட்டது நீதானே?"

"ஆமா."

"அந்த ஒண்ணு மட்டும் தலைகீழா இருந்திருக்கு."

"தெரியும். நான்தானே போட்டேன்."

"வேணும்னேவா?"

"பேசாத பிள்ளையைப் பேச வைக்கணும்னா, அது கண்ணு முன்னால தப்பு செய்யற பெரியவங்க ஒருத்தர் வேணும். அவ அம்மா எழுதும்போது பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கா. பொறுத்துக்க மாட்டா."

"தப்பை நீயே செஞ்சிருக்கலாமே?"

"நான் டீச்சர். என்னைத் திருத்த பயப்படுவா. உங்களைப் பாத்தா யாருக்குமே பயம் வராது."

"என்கிட்ட சொல்லியிருந்தா நடிச்சிருப்பேனே."

"நடிப்பைப் பிள்ளைங்க ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும். முழிக்கிற முழி நிஜமா இருக்கணுங்க. அது உங்களுக்குத் தானா வரும்."

சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தப் பதினொண்ணு..." என்று இழுத்தேன்.

"பள்ளிக்கூட ஆயாவும் நானும் அரை மணியில இறக்கிட்டோம். சுவத்துல காலண்டர் கோணினா சாப்பாட்டுல இருந்து எழுந்திருக்கிற ஆளு. பாவம், கோணலா மாட்ட எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "பிள்ளைங்க உங்களுக்குப் பேருகூட வச்சாச்சு. தப்பு மாமா. இனிமே புதன்கிழமை காலையில வகுப்பு, மத்தியானம் சுவர். இன்னும் ரெண்டு பேர் சரியா பேசறதில்ல."

எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். டிரைவர் பலகையில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க யோசனையைக் கேட்டு என் புதன்கிழமை எல்லாம் போச்சு," என்றேன்.

"அது என் யோசனை இல்லண்ணே." அவர் தலை நிமிரவில்லை. "என் பொண்ணு உங்க வீட்டம்மாகிட்டதானே படிக்குது. திங்கட்கிழமை கூப்பிடப் போனேன். 'அவர் வரமாட்டேன்னு அடம் பிடிப்பார், கெடுக்கலாம்னு சொன்னா ஆசையா வருவார், நீங்க சொல்லிப் பாருங்க'ன்னாங்க."

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

"இருக்கட்டும்," என்றேன். "ஜெயிக்கப் போற நேரத்துல என் ஆட்டத்தைக் கலைச்சுட்டீங்க. போன மாசம் உங்க ராணியையே வெட்டினேன், ஞாபகம் இருக்கா?"

டிரைவர் சங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"'அவர் ரொம்ப சோர்ந்து போயிருக்கார், ஒரு ராணியையாவது விட்டுக் குடுங்க'ன்னு அவங்கதாண்ணே சொன்னாங்க."