மஞ்சள் இலை இல்லாத மூன்று கவர்கள்

முனிர்கா, புது டில்லி
ஆகஸ்ட் 18, செவ்வாய்

மதிப்பிற்குரிய பூவராகவன் மாமாவுக்கு, அபூர்வா வணக்கத்துடன் எழுதுவது. 'நான் நலம்' என்று எழுதி அடித்துவிட்டேன். போர்ட் பிளேரில் உங்கள் உடம்பும் உத்தியோகமும் சீராக இருக்கட்டும்.

நேற்று என் பேராசிரியர் சாய்ராம் சாரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "சார், இந்த இலைகளை எங்கள் அத்தை ஆய்ந்துவிட்டார்."

போனில் சொன்னால் அடுத்த நிமிஷமே அத்தையிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். என் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். ஆப்பிள் மரத்தில் மேலே ஒட்டுக்கட்டியது ஒரே ரகம், கீழே வேர்ச்செடி மட்டும் மூன்று விதம். எந்த வேர் எந்தச் சத்தை இலைக்கு எவ்வளவு அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். சிம்லா பக்கத்துத் தோட்டத்தில் மூன்று கவர் இலை பறித்து சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன், லேப் பூட்டியிருந்தது, என் அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது, லக்ஷ்மிபாய் நகருக்கு ஆட்டோ பிடித்து உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனேன், எழுந்து வந்தபோது அத்தை முறத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "மஞ்சளும் பழுப்புமாவா ஒரு வாத்தியார்கிட்ட கொடுப்பே? நம்ம குடும்பத்தை என்ன நினைப்பார்? கவர் எதையும் கலக்கலைடி, பயப்படாதே."

கலக்கவில்லைதான். ஆனால் மூன்றாவது வேர்ச்செடியில் பாதி இலைகள் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாக இருந்தன. அந்த வேர் மக்னீசியத்தைச் சரியாக எடுப்பதில்லை என்பதற்கு என்னிடமிருந்த சாட்சியே அதுதான், மாமா. அதைத் தெருவில் குப்பை எடுக்கும் கூடாவாலா பையா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று சார் கவர்களைப் பிரித்துப் பார்த்தார். "அச்சா, மூணும் ஒரே பச்சையா இருக்கே. ரிசல்ட்டும் இப்படியே வந்தா மூணாவது வேரையும் தாராளமா நடச் சொல்லிடலாம்." நான் தலையாட்டினேன். எனக்கு ரொட்டி போட்ட தோட்டக்காரர் இரண்டாயிரம் கன்றுக்குச் சொல்லிவைக்க எங்கள் முடிவுக்குத்தான் காத்திருக்கிறார். நட்டால் இருபது வருஷம் நிற்கும் மரம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும். பறிக்கும் பருவம் முடிந்துவிட்டது. யார் கதவைத் தட்டினாலும் தோட்டக்காரர் என்றே தோன்றுகிறது.

இதற்கு நடுவில் அத்தை சாரை ஞாயிறு சாப்பிட அழைத்திருக்கிறார். மோர்க்குழம்போடு இந்த விஷயத்தையும் பெருமையாகப் பரிமாறிவிடுவார். தயவுசெய்து ஏதாவது காரணம் சொல்லி விருந்தை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்; இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

அபூர்வா

பி.கு. (திங்கள்): இதைத் தபாலில் சேர்க்கப் பயந்தே ஞாயிறு வந்துவிட்டது. எதையும் நிறுத்த வேண்டாம். அத்தை ரசம் ஊற்றும்போது நானே சொல்லிவிட்டேன். சார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தி, "எத்தனை இலை எடுத்திருப்பீங்க?" என்று அத்தையைக் கேட்டார். "அரை முறம் இருக்கும் சார். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" இன்று காலை மூன்று கவரையும் அவரே ரத்து செய்தார். அடுத்த ஆகஸ்டில் மறுபடி பறிக்க வேண்டும். என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.