மச்சான் மீசையும் மோட்டார் சைக்கிள் டைனமோவும்

யோங் பெங் தோட்டம்,
ஆவணி மாதம், திங்கட்கிழமை.

பத்து பாகாட் துணிக்கடை ஐயாசாமி மச்சான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் காளியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நான், ராசம்மா, மகள் தனலெட்சுமி, கோழிகள், மோட்டார் சைக்கிள் எல்லாரும் நலம். அங்கே தாங்கள், அக்காள், தங்கள் மீசை மூவரும் நலந்தானே? மோட்டார் சைக்கிள் நலம் என்று எழுதியதை இன்னொரு தரம் படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மேலே வரவும்.

துரை சீமைக்குப் போகும்போது எனக்கு விட்டுவிட்டுப் போன வண்டியைப் பார்த்து, சின்னத்தம்பி வீட்டுக் கல்யாணப் பந்தியில், வாயில் அப்பளத்தோடு தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "இந்த வண்டி விளக்கு திருவிழாவுல ஆத்தாளுக்கு முன்னால எரிஞ்சா நான் மீசைய எடுத்துடறேன். எரியலேன்னா நீங்க எடுக்கணும்!" பந்தியே சிரித்தது. தனலெட்சுமிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை வீட்டார் எதிர் வரிசையில்தான் இருந்தார்கள். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இது விளக்குச் சமாசாரம் இல்லை, சம்பந்திகள் முன்னால் என் மூக்குக்குக் கீழே என்ன இருக்கப்போகிறது என்கிற சமாசாரம் என்று.

முதலில் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். பேட்டரியைத் திறந்தால் உள்ளே வறண்டு கிடக்கிறது. இதில் ஊற்றுவது ஆசிட் என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். நமக்குத் தெரிந்த ஆசிட் எது, ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கிறோமே, அதுதானே? ஒரு குவளை கொண்டுவந்து ஊற்றினேன். விளக்கு எரியவில்லை, வீடுதான் புளித்த நாற்றம் அடித்தது. உங்கள் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "பெட்டிக்குள்ள ஊறுகாயா போடுறீங்க?" என்றாள். அண்ணன் குணம் அப்படியே இருக்கிறது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனில் சீனன் ஆ செங் மோட்டார் கடைக்குப் போனேன். மோந்து பார்த்தான். "அலமாக்! மாத்தி லா, மாத்தி!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். மலாய் பேச்சில், செத்துப்போச்சாம். நம்ம சேவலை வாங்கிக்கொண்டு, ஒரு பழைய பேட்டரியில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான்.

அன்று விளக்கு எரிந்தது மச்சான்! தங்களுக்குச் சவரக்கத்தி வாங்கி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கிவிட்டு அணைந்துபோச்சு. மறுபடி ஆ செங்கிடம் ஓடினால் அவன் சிரிக்கிறான், பேட்டரி வெறும் தொட்டிதான், அதில் தண்ணி ரொப்புறவன் டைனமோ, உன் டைனமோ தூங்குறான் என்று. திறந்து காட்டினான். உள்ளே சுற்றுகிற செம்பு வளையத்தை இரண்டு கரித்துண்டு ஒட்டி உரசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். என் வண்டியில் அவை தேய்ந்து வளையத்தைத் தொடாமலே நிற்கின்றன. புதுசு சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், வருவதற்குள் திருவிழா முடிந்துவிடும் என்று கையை விரித்துவிட்டான். அன்று ராத்திரி சும்மா மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இங்கேதான் தாங்கள் வருகிறீர்கள். தீபாவளிக்கு ஒரு டார்ச்லைட் கொடுத்தீர்களே, அதில் பேட்டரி கட்டை பொங்கி ஒழுகிக் கிடந்தது. ஆத்திரத்தில் அதைத் தூக்கிக் கல்லில் அடித்தேன். உடைந்து, உள்ளேயிருந்து பென்சில் மாதிரி ஒரு கரிக்குச்சி உருண்டு வந்தது. அதே கரி! நம்ம பால்வெட்டுக் கத்தி தீட்டுகிற கல்லிலேயே தேய்த்து, பட்டை போட்டு, அளவு பார்த்துச் சொருகினேன். செம்பு வளையத்தை உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று துடைத்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பி முறுக்கினால், விளக்குக்கு மேலே கடிகாரம் மாதிரி இருக்கிறதே, அதில் துரை காலத்திலிருந்து படுத்தே கிடந்த முள், எழுந்து சார்ஜ் பக்கம் சாய்ந்தது! நான் போட்ட கூச்சலில் உங்கள் தங்கை விளக்குமாற்றோடு ஓடிவந்தாள், பாம்பு என்று நினைத்து. ஆக, தங்கள் மீசையை எடுக்கப்போவது தாங்கள் கொடுத்த டார்ச்லைட்தான்.

ஆடிக் கடைசி வெள்ளி, ஆத்தா ஊர்வலம். வண்டியைப் பகலெல்லாம் ஓட்டித் தொட்டியை ரொப்பி வைத்திருந்தேன். லயத்து வீடுகளின் முனை திரும்பும்போது அடித்தது பாருங்கள் ஒரு மழைக்காற்று, கேஸ் லைட்டுகள் எல்லாம் அவுட். என் விளக்கு மட்டும் எரிகிறது! கோயில் தலைவர் மணியம் கங்காணி, "காளியப்பா, நீ முன்னால போ லா! ஆத்தா உன் வெளிச்சத்துலதான் வரா!" என்று கத்தினார். கோயில் வாசலில், "ஐயாசாமி மீசை போச்சுடோய்!" என்று பொம்பளைகள்கூடச் சிரித்தார்கள். என்னால் ஆனது, நானும் சிரித்தேன்.

ஆகவே கட்டளை என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமிக்குப் பரிசம். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. தாங்கள் மழமழவென்று வந்து முன்வரிசையில் உட்காரவும். மாரியாத்தா தங்களுக்கு நீண்ட ஆயுளும், மூன்று மாதத்தில் புது மீசையும் கொடுப்பாளாக. அக்காளுக்கு என் கும்பிடு.

வெற்றி பெற்ற மைத்துனன்,
காளியப்பன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை, "அந்தப் பெட்டில தண்ணி இருக்கா, பாத்தீங்களா? ஓயாம ஓட்டுறீங்களே" என்றாள். மூடியைத் திறந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. குனிந்து ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். டமார்! வண்டிக்கு ஒன்றும் இல்லை. முகத்துக்கும் ஒன்றும் இல்லை. மீசைதான் வலது பக்கம் பொசுங்கிப்போச்சு. இடது பக்கத்தை ராசம்மா எடுத்துவிட்டாள், சிரித்துக்கொண்டே. டவுனுக்கு ஓடிக் கேட்டால், நன்றாகச் சார்ஜ் ஏறுகிற பேட்டரியில் அப்படித்தான் தீப்பிடிக்கிற கேஸ் கிளம்புமாம், ஆ செங் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். இப்போது சங்கடம் என்னவென்றால், ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. பந்தயம் தெரியும், ஜெயித்தது யார் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் மூக்குக்குக் கீழேயும் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். மேலே கட்டளை என்று எழுதியதைக் காலில் விழுந்து கேட்பதாக மாற்றிப் படித்து, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் மச்சான். மனசு வராவிட்டால், அங்கே நாடகக்காரர்களிடம் எனக்கு ஒட்டு மீசை ஒன்று கேட்டு வாங்கி வரவும். நரை கலந்ததாக இருக்கட்டுமாம், உங்கள் தங்கை சொல்கிறாள்.